பிரிலிம்ஸ் தாண்டியாச்சு, அடுத்து? மெயின்ஸ் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற பணிகளுக்கான யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு (பிரிலிம்ஸ்) முடிந்த அன்று சாயங்காலமே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் மாறுகிறார்களே தவிர கேள்விகள் அதேதான், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்னைப் பற்றி ஒரு வரி: மூன்று முறை மெயின்ஸ் (இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வு) எழுதினேன், இரண்டு முறை நேர்முகம் வரை போனேன், கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. இப்போது மற்றவர்கள் எழுதும் விடைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். மார்க் எந்த ஓட்டையில் கசிகிறது என்று தினமும் பார்க்கிற வேலை இது, அந்த அளவுக்கு என் பேச்சை நம்பலாம்.

கட்-ஆஃப் (தேறுவதற்கான குறைந்தபட்ச மார்க்) ஓரத்தில் நிற்கிறேன். முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 25 பிரிலிம்ஸ், ஜூன் 11 முடிவு, ஆகஸ்ட் 22 மெயின்ஸ். மொத்தம் 89 நாள். முடிவு வரட்டும் என்று உட்கார்ந்தவர் அதில் 17 நாளைத் தாரை வார்த்துவிட்டார். அந்த 17 நாளும் என்ன செய்தார் என்று கேட்டால், ஐந்து கோச்சிங் சென்டர்களின் ஆன்சர் கீயைப் போட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். ஒன்றில் 92 வரும், இன்னொன்றில் 84 வரும், ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

தேறவே மாட்டோம் என்று நன்றாகத் தெரிந்துவிட்டால் வேறு கதை. ஓரத்தில் நிற்பவர்கள், இந்த வருஷம் போனாலும் அடுத்த வருஷத்துக்கு ஆகிற வேலையில் கை வையுங்கள்: ஆப்ஷனல் (நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம்), தமிழ்த் தாள், கட்டுரை. முடிவு எப்படி வந்தாலும் அது வீணாகாது.

எத்தனை தாள்? குழப்பமாக இருக்கிறது.

ஒன்பது. இரண்டு மொழித் தாள்கள் (ஒன்று தமிழ் போன்ற இந்திய மொழி, ஒன்று ஆங்கிலம்), தலா 300 மார்க், 25 சதவீதம் எடுத்தால் போதும், ரேங்கில் சேராது. மீதி ஏழு: கட்டுரை ஒன்று, ஜி.எஸ். எனப்படும் பொது அறிவுத் தாள் நான்கு (நான்காவதுதான் எத்திக்ஸ், அதாவது அறநெறித் தாள்), ஆப்ஷனல் இரண்டு. தலா 250, ஆக 1750. நேர்முகம் 275. மொத்தம் 2025. இந்த அமைப்பு 2013-ல் வந்தது; அதற்கு முன்பு ஆப்ஷனல் பாடமே இரண்டு இருந்தது, எத்திக்ஸ் தாள் கிடையாது. பழைய சீனியர் யாராவது அந்தக் காலத்து அறிவுரை சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

எவ்வளவு எடுத்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள்?

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் முதலில் சுவரில் ஒட்டிவைக்கச் சொல்வேன். 2023 தேர்வில் பொதுப் பிரிவுக்கு மெயின்ஸ் கட்-ஆஃப் 741, 2024-ல் 729. 1750-க்கு. ஏழு தாளுக்கும் வகுத்தால் ஒரு தாளுக்கு 250-க்குச் சுமார் 105. நூற்றுக்கு 42. பள்ளிக்கூடத்தில் இந்த மார்க்கை வாங்கிக்கொண்டு போனால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கவே பயப்படுவோம்.

இன்னும் மேலே போங்கள். 2024 தேர்வில் அகில இந்திய முதலிடம் பெற்ற சக்தி துபே எடுத்தது எழுத்துத் தேர்வில் 843, நேர்முகத்தில் 200, மொத்தம் 1043. முதலிடமே கிட்டத்தட்ட பாதி மார்க்தான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்தத் தேர்வில் யாருக்கும் பிரமாதமான விடை என்று மார்க் கொட்டுவதில்லை. 10 மார்க் கேள்விக்கு 4, 4.5 என்று இருபது கேள்விக்கும் வாங்கிக்கொண்டே வருகிறவர் மேலே போகிறார். ஆறு கேள்விக்கு அற்புதமாக எழுதி, நான்கு கேள்வியைத் தொடாமல் வருகிறவர் வீட்டுக்கு வருகிறார். அதே 2024-ல் மெயின்ஸ் எழுதத் தகுதி பெற்றவர்கள் 14,627 பேர், நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,845. ஐந்தில் ஒருவர். மீதி நாலு பேருக்கும் பாடம் தெரியாது என்று நினைக்காதீர்கள், அவர்களும் பிரிலிம்ஸில் லட்சக்கணக்கானவர்களைத் தாண்டி வந்தவர்கள்தான்.

சரி, விடை எழுதும் பயிற்சியை எப்போது ஆரம்பிப்பது? சிலபஸ் இன்னும் பாதி பாக்கி இருக்கிறதே.

இன்றைக்கு. இதைப் படித்து முடித்த கையோடு.

"முதலில் படித்து முடித்துவிடுகிறேன் அண்ணா, அப்புறம் எழுதுகிறேன்" என்று சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. படிப்பு சுகமான வேலை, எழுதினால் நமக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிந்துவிடும், அதனால் மனசு தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். நானும் அப்படித்தான். முதல் மெயின்ஸுக்கு முன்னால் என்னிடம் நாலு அட்டைப்பெட்டி நிறைய நோட்ஸ் இருந்தது, எழுதிப் பார்த்த முழுத் தாள் ஒன்றுகூட இல்லை. ஜி.எஸ். மூன்றாம் தாளில் 15 மார்க் கேள்விகள் ஐந்தைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதில் மூன்று எனக்குத் தலைகீழாகத் தெரிந்தவை. 75 மார்க், நாற்பது சதவீதம் என்று வைத்தாலும் 30 மார்க் போச்சு. அந்த வருஷம் நான் தவறியது அதைவிடக் குறைந்த இடைவெளியில்.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஜி.எஸ். தாளில் இருபது கேள்வி. பத்து கேள்விக்கு 10 மார்க், 150 சொல். பத்து கேள்விக்கு 15 மார்க், 250 சொல். கூட்டினால் 4000 சொல், 180 நிமிடம். சின்னக் கேள்விக்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம் என்று போட்டால் சரியாக 180 வருகிறது. யோசிக்கிறது, பக்கம் புரட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது எல்லாம் அதற்குள். மதியம் திரும்பவும் இதே கதை. கல்லூரி முடித்து நாலு வருஷம் ஆனவர் கடைசியாக மூன்று மணி நேரம் தொடர்ந்து பேனா பிடித்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். கை பழக வேண்டும். தோள்பட்டை வலிக்கும், நடுவிரலில் காய்ப்பு வரும், வரட்டும்.

முதல் பத்து நாள் தினமும் இரண்டு கேள்வி, நேரம் வைத்து. அடுத்து நாலு. ஒரு மாதம் கழித்து வாரம் ஒரு முழுத் தாள். கடைசி மூன்று வாரத்தில் ஒரு நாளாவது காலை ஒரு தாள், மதியம் ஒரு தாள் என்று எழுதிப் பார்க்க வேண்டும், அன்றைக்கு நாலு மணிக்கு உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும். கேள்விக்கு எங்கும் அலைய வேண்டாம். 2013-லிருந்து எல்லா வினாத்தாளும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

விடையில் என்ன தப்பு செய்கிறோம்?

நம்ம ஊர்ப் பிள்ளைகளிடம் எனக்குப் பிடித்த தப்பு ஒன்று உண்டு. 'உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தோம், நிதி கொடுக்கவில்லை. விவாதிக்க' என்று ஒரு கேள்வி போட்டேன். பத்தில் ஏழு பேர் உத்திரமேரூரில் ஆரம்பித்தார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலைத் தேர்தல், பானை, ஓலை, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னது. 150 சொல்லில் 50 அங்கேயே போய்விட்டது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி நிதியைப் பற்றி.

முதல் வரியிலேயே விஷயத்துக்கு வாருங்கள். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 11-வது அட்டவணையில் 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் 243ஜி பிரிவு அவற்றை ஒப்படைப்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம் அமைக்கச் சொல்கிறது 243-I பிரிவு; ஆணையம் அமைப்பதில் தாமதம், அமைத்தாலும் பரிந்துரை நிறைவேறுவதில் தாமதம். ஊராட்சியின் சொந்த வருமானம் என்று பார்த்தால் பெரும்பாலும் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்றவைதான். அதையும் சொந்தக்காரர்களிடம் கறாராக வசூலிக்கத் தலைவருக்குச் சங்கடம். வருகிற நிதியில் பெரும்பகுதி இந்தத் திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிப்போட்டு வருகிறது. 'விவாதிக்க' என்று இருப்பதால் மறுபக்கமும் ஒரு வரி வேண்டும்: கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. என்ன செய்யலாம் என்று இரண்டு வரி. முடிந்தது. இடம் மிச்சமிருந்தால் உத்திரமேரூருக்கு ஒரு அரை வரி கொடுங்கள்.

கேள்வியில் இரண்டு பாகம் இருந்தால் விடையிலும் இரண்டு தலைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருத்துகிறவர் உங்கள் ஒருவருடைய தாளை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரவில்லை, அவர் தேடுவதை அவர் கையில் கொடுங்கள். வரைபடம், சின்னப் படம் வருகிற இடத்தில் போடலாம். எல்லா விடையிலும் ஒரு வட்டம் போட்டு நாலு அம்பு விடுவது இப்போது ஒரு நோய் மாதிரி பரவியிருக்கிறது.

டெஸ்ட் சீரிஸ் (காசு கட்டி எழுதித் திருத்தி வாங்கும் மாதிரித் தேர்வுகள்) சேர்ந்தே ஆக வேண்டுமா?

சேரலாம், நானே அதில்தான் சம்பாதிக்கிறேன். ஆனால் சேர்ந்துவிட்டு எழுதாமல் வினாத்தாளை மட்டும் பதிவிறக்கி வைத்துக்கொள்பவர்கள் பாதிப்பேர். தாள் திரும்பி வரும்போது 'நல்ல முயற்சி, இன்னும் ஆழம் வேண்டும்' என்று எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். காசு இல்லையா, மூன்று பேர் சேர்ந்துகொண்டு ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள். அடுத்தவன் விடையைப் படிக்கும்போதுதான் நம் விடை எவ்வளவு போர் அடிக்கும் என்று புரியும்.

தமிழ்த் தாள் ரொம்ப சுலபம்தானே? தமிழ்நாட்டில்தானே பிறந்தோம்?

இந்த நினைப்பில் போனவர்கள் சிலரைத் தெரியும். 300-க்கு 75 எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் மற்ற ஏழு தாளில் நீங்கள் என்ன கிழித்திருந்தாலும் அதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். என் அறையில் இருந்த ஒருவர் எல்.கே.ஜி.யிலிருந்து இந்தி எடுத்துப் படித்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார், பேப்பர் படிப்பார், ஆனால் எழுதிப் பழகவே இல்லை. ர, ற தகராறு. 'ன'வா 'ண'வா என்று நின்று யோசிப்பார். கட்டுரைக்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அந்த வருஷம் மொழித் தாளிலேயே நின்றார்.

தாளின் பிரிவு இப்படி: கட்டுரை 100, பத்தியைப் படித்துப் பதில் 60, சுருக்கி எழுதுதல் 60, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பு தலா 20, இலக்கணமும் சொல்லாட்சியும் 40. தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு இரண்டு பழைய தாள் எழுதிப் பார்த்தால் போதும். ஆங்கில மீடியம், சி.பி.எஸ்.இ. பிள்ளைகள் தினமும் ஒரு பக்கம் தமிழில் கையால் எழுதுங்கள். தலையங்கத்தைப் பார்த்து எழுதினாலும் சரி. இரண்டு மாதத்தில் கை வந்துவிடும். ஆங்கிலத் தாளுக்கும் இதே 25 சதவீதம்தான், கிராமத்திலிருந்து வருபவர்கள் அதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

மெயின்ஸைத் தமிழிலேயே எழுதலாமா? மார்க் குறைப்பார்களா?

எழுதலாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் மொழி எதிலும் எழுதலாம். 2016 தேர்வில் அகில இந்திய மூன்றாம் இடம் பெற்ற கோபாலகிருஷ்ண ரோணங்கி தெலுங்கில் எழுதியவர்.

ஆனால் சிரமம் எங்கே என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கும். கேள்வியை ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு, படித்ததைத் தமிழில் யோசித்து எழுத வேண்டும். நல்ல புத்தகம் பாதி ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். கலைச்சொல்லுக்கு மாநிலப் பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்புப் பொருளாதாரம், அரசியல் அறிவியல் புத்தகங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் இருக்கும் சொல்லையே கடைசி வரை பயன்படுத்துங்கள். ஒரு விடையில் நிதிப் பற்றாக்குறை, அடுத்ததில் நிதிநிலைத் துண்டு என்று மாற்றி மாற்றி எழுதினால் திருத்துகிறவர் குழம்புவார். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் ஆங்கிலச் சொல்லைப் போட அறிவிப்பே அனுமதிக்கிறது, கலைச்சொல்லுக்கு மட்டும். வரி வரியாக ஆங்கிலம் எழுதினால் மார்க் குறையும். ஜி.எஸ்.ஸைத் தமிழில் எழுதுபவர் ஆப்ஷனலை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவும் வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. தமிழில் ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொல்லின் வேலையைச் செய்துவிடும். 150 சொல் என்றால் 150-ஐயும் நிரப்ப வேண்டாம், 110-லேயே அதே விஷயம் வந்துவிடும், நேரமும் மிச்சம்.

எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அதில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு ஜூலையில் மாற்றலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தமிழ் இலக்கியம் ஆப்ஷனல் எடுத்தவர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?

இரண்டாம் தாளில் மூல பாடத்தைத் திரும்பப் படியுங்கள். குறுந்தொகை முதல் 25 பாட்டு, புறநானூறு 182 முதல் 200, சிலம்பில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம் என்று எல்லை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது பாட்டு வரி இல்லாமல் விடை எழுதுவது நியாயமே இல்லை. நோட்ஸ் மட்டும் படித்தவர் எழுதியதைப் பத்து வரியில் கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் ஒரே நோட்ஸைத்தான் படிக்கிறார்கள்.

எத்திக்ஸ் தாளுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

கொஞ்சம். கேஸ் ஸ்டடி (ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பது) ஆறு, தலா 20, ஆக 120 மார்க். அதை முதலில் எழுதிவிடுவது என் பழக்கம், நேரம் போனால் சின்னக் கேள்வியில் போகட்டும். எல்லோருமே விடையில் அரிச்சந்திரன் ஆகிவிடுகிறார்கள், 'உடனே மேலதிகாரியை எதிர்த்து ராஜினாமா செய்வேன்' என்று. ஒரு தாசில்தார் அன்றைக்கு மதியம் நிஜமாகவே என்ன செய்ய முடியும், எந்தக் கோப்பில் என்ன குறிப்பு எழுத முடியும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதனால் யாருக்கு அடி விழும் என்று எழுதுங்கள். குறள் போடலாம், தாளுக்கு இரண்டு, பொருத்தமான இடத்தில்.

கட்டுரை?

இரண்டு கட்டுரை, தலா 125, 1000 முதல் 1200 சொல். சில வருஷமாகத் தலைப்பெல்லாம் தத்துவ வாசகமாகத்தான் வருகிறது. முதல் அரை மணி எழுதாமல் யோசியுங்கள். பக்கத்தில் இருப்பவர் நாலாவது பக்கம் போயிருப்பார், பார்க்காதீர்கள். இரண்டு கட்டுரைக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள், முதலாவதில் உருகி இரண்டாவதில் ஓடுவது வழக்கமான விபத்து.

வேலைக்குப் போய்க்கொண்டே முடியுமா?

முடிகிறது, பார்த்திருக்கிறேன். காலை ஐந்திலிருந்து எட்டு எழுதுவதற்கு, ராத்திரி படிப்பதற்கு. தலைகீழாக வைத்தால் எழுத்து போய்விடும், ஆபீஸ் விட்டு வந்து யாரும் எழுதுவதில்லை. இருக்கிற விடுப்பையெல்லாம் கடைசி நாலு வாரத்துக்குச் சேர்த்து வையுங்கள். பிரிலிம்ஸ் முடிந்த கையோடு வேலையை விடுவதற்கு நான் ஆதரவு இல்லை.

பணத்துக்கு என்ன வழி?

பிரிலிம்ஸ் தேறிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தில் 25,000 ரூபாய் தருகிறார்கள். விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம் இருக்கும், முடிவு வந்த வாரமே பார்த்துவிடுங்கள். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அரசின் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் மெயின்ஸுக்கும் பயிற்சி தருகிறது. படிக்க இடம் இல்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைப் பக்கம் என்றால் 2023-ல் திறந்த கலைஞர் நூலகம். கோச்சிங் சென்டர்கள் நிறைந்த சென்னை அண்ணா நகரில் அறை எடுத்தால்தான் படிப்பு வரும் என்பது அண்ணா நகர் வீட்டுக்காரர்கள் கிளப்பிவிட்டது.

தேர்வு நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

2025-ல் தமிழ்நாட்டுக்கு மெயின்ஸ் மையம் சென்னை மட்டும்தான். ஆகஸ்ட் 22 வெள்ளி கட்டுரை, 23, 24 ஜி.எஸ்., ஐந்து நாள் விட்டு 30-ல் மொழித் தாள்கள், 31-ல் ஆப்ஷனல். திருநெல்வேலியிலிருந்து வருபவர் பத்து நாளும் சென்னையிலேயே தங்குவது நல்லது. நடுவில் ஊருக்குப் போய்வந்தால் ரயிலிலேயே ஆப்ஷனல் மறந்துவிடும். காலைத் தாள் 9-லிருந்து 12, மதியம் 2.30-லிருந்து 5.30. இடையில் இரண்டரை மணி நேரம். அப்போது காலைத் தாளைப் பற்றிப் பேசுகிற நண்பனிடமிருந்து தள்ளி உட்காருங்கள். பிரியாணி வேண்டாம், தயிர் சாதம், இருபது நிமிடம் கண்ணை மூடினால் போதும்.

நேர்முகத்துக்கும் இப்போதே தயாராக வேண்டுமா?

வேண்டாம். டி.ஏ.எஃப். என்ற விரிவான விண்ணப்பப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் மட்டும் பொய் எழுதாதீர்கள். நான் முதல் தடவை 'செடி வளர்ப்பது' என்று போட்டேன், மாடியில் ஒரு துளசித் தொட்டி இருந்தது, அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார். போர்டில் ஒருவர் மண்ணின் கார அமிலத் தன்மையை எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஆரம்பித்தார். படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.